கிராஸ் ஸ்டிச் இலக்கு தள்ளிப் போகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மயில் படம் தீபாவளிக்குள் சாமி அறைச் சுவரில் ஏறவேண்டும். புரட்டாசி பிறந்தும் மயிலுக்குக் கழுத்துவரைதான் வந்திருக்கிறது. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கிராஸ் ஸ்டிச் போடுகிறவர்களுக்கு வருடா வருடம் வரும் கோளாறு இது. கை மெதுவாக ஓடுவதால் இது வருவது குறைவு. எத்தனை தையல் என்று எண்ணாமல் நாள் குறிப்பதும், சார்ட்டில் (எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்று காட்டும் கட்டத்தாளில்) குறித்ததைத் துணியோடு ஒத்துப் பார்க்காமல் விடுவதும்தான் பெரும்பாலும் காரணம்.

உங்கள் வேலையில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாமல் சரியாகக்கூடிய காரணம் முதலில் வரும், செலவு வைக்கும் காரணம் கடைசியில் வரும். வரிசை மாற்றாமல் பாருங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் மூன்று எண்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தில் இந்த மூன்றையும் எழுதிக்கொள்ளாமல் கீழே போகாதீர்கள்.

மொத்தத் தையல்: சார்ட்டின் முதல் பக்கத்தில் 150 × 200 என்பதுபோல் அளவு இருக்கும். துணி முழுதும் நிரம்பும் படமென்றால் பெருக்கினால் போதும், 30,000 தையல். பின்னணி வெறும் துணியாக விடப்படும் படமென்றால், சார்ட்டின் வெவ்வேறு இடங்களில் பத்துக்குப் பத்து கொண்ட பெரிய கட்டங்கள் பத்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை தையல் என்று எண்ணிச் சராசரி எடுத்து, மொத்தப் பெரிய கட்டங்களால் பெருக்குங்கள்.

முடிந்த தையல்: முழுதாக நிரம்பிய பெரிய கட்டங்களை எண்ணி 100ஆல் பெருக்குங்கள். பாதி நிரம்பியதைப் பாதி என்று சேர்க்கலாம். அதற்கும் குறைந்தவற்றை விட்டுவிடுங்கள்.

ஒரு மணி நேரத் தையல்: மூன்று வேறு நாட்களில், தலா அரை மணி நேரம் கடிகாரம் வைத்துப் போடுங்கள். நூல் கோர்க்கும் நேரம், சார்ட்டில் எண்ணும் நேரம், நிறம் மாற்றும் நேரம் எல்லாம் அதற்குள்ளேயே வரட்டும். 48, 55, 47 என்று வந்தால் ஒன்றரை மணிக்கு 150, மணிக்கு 100. அதிகம் போட்ட நாளின் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறவர்கள் மறுபடியும் இதே கோளாறில்தான் வந்து நிற்பார்கள். சராசரிதான் உங்கள் வேகம்.

அறிகுறி 1: நாள் நெருங்கிவிட்டது, பாதிகூட ஆகவில்லை

முடிக்கும் தேதியை மட்டும் குறித்திருக்கிறீர்களா?

மேலே சொன்ன 30,000 தையலை மணிக்கு 100 வீதம் போட்டால் 300 மணி நேரம். வாரத்துக்கு 5 மணி நேரம் கிடைக்கிறவருக்கு அது 60 வாரம். தீபாவளிக்கு இன்னும் 30 வாரம்தான் என்றால் வாரத்துக்கு 10 மணி நேரம் தேவை. அந்த நேரம் கிடைக்காதென்றால் இன்றே மூன்றில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: முடிக்கும் தேதியை அடுத்த வருடத்துக்கு மாற்றுவது, படத்தைச் சிறிதாக்குவது, வேறு சின்னப் படம் எடுப்பது. மயிலின் தலையும் கழுத்தும் மட்டும் 80 × 100 அளவுக்கு வெட்டி எடுத்தால் 8,000 தையல், 80 மணி நேரம், அதே 5 மணி வீதத்தில் 16 வாரம். வெட்டி எடுத்த படம் தனியாக நிற்குமா என்பதை, சார்ட்டின் முழுப்படத்தின் மேல் நான்கு பக்கமும் வெள்ளைத் தாளை வைத்து மறைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தோகை இல்லாத மயில் பெரும்பாலும் நன்றாகவே நிற்கும். பாதி வேல் தெரிகிற முருகன் நிற்காது.

இல்லாத வாரங்களைச் சேர்த்துவிட்டீர்களா?

வருடத்தில் 52 வாரம் என்று கணக்குப் போட்டால் தவறிவிடும். தைப்பூச வாரம், ஆடி மாதத் தோட்டத்துக் கோயில் திருவிழா, தீபாவளிக்கு முந்தைய முறுக்கு மாவு வாரங்கள், பிள்ளைகளின் பரீட்சை, வரிசையாக வரும் கல்யாணங்கள். இவற்றை நாள்காட்டியில் முன்கூட்டியே அடித்துவிடுங்கள். பலருக்கு 42 வாரம் மிஞ்சினாலே அதிகம். அப்படிப் பார்த்தால் 60 வார வேலை நாள்காட்டியில் ஏறக்குறைய 74 வாரம் பிடிக்கும்.

தையலைத் தவிர உள்ள வேலைகளை விட்டுவிட்டீர்களா?

தவறாகப் போட்டதைப் பிரிப்பதற்கு மொத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு ஒதுக்குங்கள். எல்லைக்கோடு போடும் பேக் ஸ்டிச், துவைத்து இஸ்திரி போடுவது, சட்டம் போடுவது மூன்றும் தனி. பேக் ஸ்டிச் அதிகமுள்ள படங்களில், முகமும் கையும் உள்ள தெய்வப் படங்களில் குறிப்பாக, அதற்கு மட்டும் பல மாலைகள் போகும்.

படமே கடினமானதா?

ஒரு பெரிய கட்டத்துக்குள் இரண்டு மூன்று நிறங்கள் இருப்பதற்கும், பதினைந்து நிறங்கள் ஒவ்வொன்றாகச் சிதறிக் கிடப்பதற்கும் நேரம் ஒன்றல்ல. எளிய கட்டம் ஒன்றையும் சிதறிய கட்டம் ஒன்றையும் நேரம் பார்த்துப் போடுங்கள். எளியது 50 நிமிடம், சிதறியது இரண்டரை மணி என்று வந்தால், 300 பெரிய கட்டங்களில் 80 சிதறியவை என்று வைத்துக்கொண்டு கணக்கிடலாம்: 80க்கு 200 மணி, மீதி 220க்கு ஏறக்குறைய 183 மணி, ஆக 383 மணி. முன்பு போட்ட 300 எங்கே தவறியது என்பது இதில் தெரிந்துவிடும். பெரிய படம் வாங்குமுன் சார்ட்டின் நிறப் பட்டியலைப் பார்ப்பது நல்லது. 60 நிறத்துக்கு மேல் இருந்தால் இந்த இரண்டாவது கணக்கைப் போடாமல் நாள் குறிக்கவேண்டாம்.

வெளி ஆளிடம் எப்போது போவது: அன்பளிப்புக்கு நாள் குறித்துவிட்டால், கடைசித் தையலுக்குக் காத்திருக்காமல் இப்போதே சட்டம் போடும் கடைக்குப் போய், இன்ன தேதிக்கு வேண்டுமானால் எப்போது கொடுக்கவேண்டும் என்று கேளுங்கள். பண்டிகைக்கு முன் அங்கே வேலை குவிந்திருக்கும். அவர்கள் சொல்லும் தேதிதான் உங்கள் உண்மையான கெடு. தீபாவளி நாளை அந்த இடத்தில் வைக்காதீர்கள்.

அறிகுறி 2: இரண்டு வாரம் ஓடுகிறது, பிறகு நின்றுவிடுகிறது

தினசரி இலக்கு வைத்திருக்கிறீர்களா? வார இலக்காக மாற்றுங்கள். தினம் 100 என்றால் ஒரு நாள் தவறியதும் கடன் ஏறும், மூன்றாம் நாள் துணியை எடுக்கவே மனம் வராது. வாரத்துக்கு ஐந்து பெரிய கட்டம் என்றால் செவ்வாயில் விட்டதைச் சனியில் பிடிக்கலாம். ஒன்றுமே முடியாத நாளுக்கு ஒரு குறைந்தபட்சம் வையுங்கள்: ஒரு ஊசி நூல். 45 சென்டிமீட்டர் நூல், இரண்டு இழை, 14 கவுண்ட் ஐடா துணியில் (ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள தையல் துணி) ஏறக்குறைய 30 தையல் வரும். கால் மணி அல்லது இருபது நிமிட வேலை. அந்த 30 படத்தை நகர்த்துகிறதோ இல்லையோ, துணி பெட்டிக்குள் போய் அடங்குவதைத் தடுக்கும்.

உட்காரும் நேரம் தவறா? விடியுமுன் ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர் இரவு ஒன்பது மணிக்கு எண்ணிப் போடப் பார்த்தால் தவறுதான் வரும். அவருக்குப் பிற்பகல்தான் நேரம். செம்பனை எண்ணெய் ஆலையில் ஷிப்ட் பார்க்கும் வீட்டில் எல்லா வாரத்துக்கும் ஒரே இலக்கு நிற்காது. பகல் ஷிப்ட் வாரத்துக்கு ஐந்து கட்டம், இரவு ஷிப்ட் வாரத்துக்கு இரண்டு என்று தனித்தனியாக எழுதுங்கள். பருவம் மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழையில் வீடு இருண்டுபோகும். ஜன்னல் வெளிச்சத்தை நம்பியிருப்பவர்களுக்கு வேலை நிற்பது அந்த மாதங்களில்தான். துணியின் மேல் நேராக விழும் வெள்ளை மேசைவிளக்கு ஒன்று போதும். வலது கைக்காரர் இடப்பக்கம் வைத்தால் கையின் நிழல் துணியில் விழாது.

எடுத்து வைக்கவே பத்து நிமிடம் ஆகிறதா? ஊசி ஓரிடம், கத்தரி ஓரிடம், சார்ட் அலமாரியில் என்று இருந்தால் அரை மணி நேரம் கிடைத்தும் பயன் இல்லை. மூடியுள்ள பிஸ்கட் டின் ஒன்றில் துணி, சார்ட், பென்சில், கத்தரி, அன்றைய நிறங்கள் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். ஒரு உபாயம்: எழுந்திருக்குமுன் அடுத்த நிறத்தை ஊசியில் கோர்த்து, துணியின் ஓர விளிம்பில் குத்தி வையுங்கள். அடுத்த நாள் எடுத்தவுடன் போடலாம். சில நாட்களுக்கு மட்டும்தான் இது, மாதக் கணக்கில் விட்டால் என்னாகும் என்பதை அறிகுறி 7இல் பாருங்கள்.

ஒரே நிறத்தில் அலுப்பா? கருப்புப் பின்னணி ஐம்பது கட்டம் தொடர்ந்து போடுவது யாரையும் நிறுத்தும். மூன்று பின்னணிக் கட்டம், பிறகு முகத்திலோ பூவிலோ ஒரு கட்டம் என்று கலந்து போடுங்கள். பின்னணி முழுவதையும் கடைசிக்கு வைக்காதீர்கள். பாதியில் நின்றுபோன படங்களைப் பார்த்தால், உருவம் முடிந்து பின்னணி மட்டும் மிஞ்சியவைதான் அதிகம்.

கண்ணா, கையா? இதுவே செலவு வைக்கும் காரணம், ஆனால் தள்ளிப்போடக்கூடாதது. 14 கவுண்டில் ஒரு கட்டம் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. நாற்பது வயதுக்கு மேல் துளை தெரியாமல் துணியைத் தள்ளிப் பிடிக்கிறீர்கள், போட்ட பிறகு தலை வலிக்கிறது என்றால் கண்ணாடிக் கடையில் அருகில் பார்க்கும் பார்வையைச் சோதித்துக்கொள்ளுங்கள். துணியை எவ்வளவு தூரத்தில் பிடித்துப் போடுகிறீர்கள் என்பதைச் சொல்லிச் சோதியுங்கள், படிக்கும் தூரமும் தைக்கும் தூரமும் ஒன்றாக இராது. சர்க்கரை நோய் உள்ளவருக்குப் பார்வை திடீரென மங்கினாலோ கரும்புள்ளி மிதந்தாலோ கண்ணாடிக் கடைக்குப் போகாமல் நேராக மருத்துவரிடம் போகவேண்டும். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் இரவில் எழுப்பினால் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார கிளினிக்கில்) காட்டுங்கள். அதுவரை ஊசியைக் கீழே வையுங்கள்.

அறிகுறி 3: சார்ட்டில் குறித்ததும் துணியில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை

அதிகம் வருவதும், தாமதமாகக் கவனித்தால் அதிகம் பிரிக்க வைப்பதும் இதுதான். முதலில் எங்கே ஒத்துப்போகவில்லை என்று பாருங்கள். ஒரு கோட்டுக்கு அப்பால் எல்லாமே ஒரு கட்டம் தள்ளியிருக்கிறதா? ஒரே இடத்தில் மட்டுமா? குறித்திருக்கிறது, தைக்கவில்லை என்பதா? தைத்திருக்கிறது, குறிக்கவில்லை என்பதா?

3அ. ஒரு கோட்டுக்கு அப்பால் எல்லாம் தள்ளியிருக்கிறது

அந்தக் கோடு சார்ட்டில் ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் தொடங்கும் இடமா என்று பாருங்கள். பல சார்ட்டுகளில் முந்தைய பக்கத்தின் கடைசி இரண்டு மூன்று வரிசைகளை அடுத்த பக்கத்தின் ஓரத்தில் சாம்பல் நிறமிட்டுத் திரும்ப அச்சடித்திருப்பார்கள். இடம் தெரிவதற்காகத்தான் அது. அதை மீண்டும் தைத்துவிட்டால் படம் அத்தனை வரிசை தள்ளிப்போகும். தொடங்குமுன் எல்லாப் பக்கங்களிலும் அந்தச் சாம்பல் பட்டையைச் சிவப்புப் பேனாவால் குறுக்கே அடித்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை, ஐந்து நாள் பிரிப்பு மிச்சம்.

பக்க ஓரம் இல்லையென்றால் எண்ணிக்கைத் தவறு. துணியில் கோடு இல்லாமல் எண்ணியிருப்பீர்கள். பத்துப் பத்துக் கட்டத்துக்கு ஒரு கோடு போடாமல் 5,000 தையலுக்கு மேற்பட்ட படத்தைத் தொடங்கவேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. கோடு போட மிகச் சிறந்தது மெல்லிய நைலான் தூண்டில் நரம்பு. ஹார்ட்வேர் கடையிலோ தூண்டில் சாமான் கடையிலோ கிடைக்கும் 0.2 மில்லிமீட்டர் நரம்பு போதும். தையல் ஊசி அதைக் குத்திக் கிழிக்காது, வேலை முடிந்ததும் ஒரே இழுப்பில் வந்துவிடும். சாதாரணத் தையல் நூலில் கோடு போட்டால் ஊசி அதன் நடுவே குத்திப் பிணைத்துவிடும், உருவும்போது வண்ணப் பிசிறு வெள்ளைத் தையலில் நிற்கும்.

பேனாவில் கோடு போட்டிருந்தால் இரண்டு எச்சரிக்கை. தண்ணீரில் மறையும் நீலப் பேனாக் கோட்டைத் துவைத்துப் போக்குமுன் இஸ்திரிப் பெட்டியை அருகே கொண்டுவராதீர்கள், சூட்டில் கறையாக நின்றுவிடும். சூட்டில் மறையும் பேனாவோ நேர்மாறு: வெயிலில் நிறுத்திய காருக்குள் துணியை வைத்தால் கோடு தானாகவே மறையக்கூடும், குளிரில் திரும்பித் தெரியக்கூடும். வெள்ளைத் துணிக்கு அதைப் பயன்படுத்தவேண்டாம்.

3ஆ. ஒரே இடத்தில் மட்டும் ஒரு கட்டம் பிசகு

பிரிப்பதா விடுவதா? முகம், கண், எழுத்து, ஓரக்கரை, இரண்டு பக்கமும் ஒத்துவரவேண்டிய கோலம் என்றால் கட்டாயம் பிரியுங்கள். இலை, புல், மேகம் என்றால், பக்கத்து உருவத்தைத் தொடாதவரை விட்டுவிடலாம். ஆனால் சார்ட்டில் அந்த இடத்தில் மாற்றத்தை எழுதியே ஆகவேண்டும். எழுதாவிட்டால் மறுநாள் அதிலிருந்து எண்ணி அடுத்த உருவத்தையும் தள்ளிப் போடுவீர்கள். இந்த அறிகுறி பெரிதாவது அப்படித்தான்.

பிரிக்கும்போது பின்பக்கத்திலிருந்து சின்னக் கத்தரியால் நான்கைந்து தையலுக்கு ஒருமுறை வெட்டி, இடுக்கியால் முன்பக்கம் உருவுங்கள். பிரித்த நூலை மறுபடி கோர்க்காதீர்கள், பிசிறெழுந்த இழை அந்த இடத்தில் மங்கலாகத் தெரியும். பிரித்த தையலை அன்றைய கணக்கிலிருந்து கழியுங்கள். மனதுக்குக் கஷ்டம்தான், ஆனால் கழிக்காத கணக்கு மாதக் கடைசியில் பொய்யாகிவிடும்.

3இ. குறித்திருக்கிறது, தைக்கவில்லை. அல்லது தைத்திருக்கிறது, குறிக்கவில்லை

எப்போது குறிப்பது என்பதற்கு ஒரே விதி இல்லாததால் வருவது. சிலநேரம் தைக்குமுன், சிலநேரம் தைத்தபின், சிலநேரம் அடுத்த நாள் நினைவிலிருந்து என்று குறித்தால் ஒத்துவராது. இப்படிச் செய்யுங்கள்: ஊசி நூல் ஒன்று தீரும்போதெல்லாம், அந்த நூலில் போட்டதைச் சார்ட்டில் பென்சிலால் சாய்கோடு இடுங்கள். பெரிய கட்டம் முழுதும் நிரம்பியதும் துணியில் ஒருமுறை பார்த்து, அதன்மேல் ஹைலைட்டர் பூசுங்கள். பென்சில் என்றால் தைத்தது, ஹைலைட்டர் என்றால் சரிபார்த்தது. ஹைலைட்டர் நிறத்தை மாதாமாதம் மாற்றினால், ஜனவரியில் மஞ்சள், பிப்ரவரியில் பச்சை என்று, எந்த மாதம் எவ்வளவு நகர்ந்தது என்பது சார்ட்டிலேயே தெரியும். தனி அட்டவணை தேவைப்படாது.

அசல் சார்ட்டில் குறிக்காதீர்கள். உங்கள் வேலைக்காக ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஏ4 பக்கத்தை ஃபோட்டோஸ்டேட் கடையில் 141 சதவீதம் என்று சொன்னால் ஏ3 தாளில் நிரம்ப வரும், குறியீடுகளும் கண்ணை இடுக்காமல் தெரியும். குறியீடு தெரியாமல் ஒன்றை இன்னொன்றாகப் படிப்பதும் இந்த அறிகுறிக்கு ஒரு காரணம்.

3ஈ. அச்சடித்த துணிச் செட்டில் அச்சும் துளையும் ஒத்துப்போகவில்லை

படத்தைத் துணியிலேயே அச்சடித்து வரும் 11 கவுண்ட் செட்டுகளில் அச்சு சற்று நகர்ந்திருப்பது உண்டு. கால் கட்டம் நகர்ந்திருந்தால் அச்சை விட்டுச் சார்ட்டையும் துளையையும் நம்புங்கள். பாதிக் கட்டத்துக்கு மேல் நகர்ந்திருந்தால், அல்லது ஒரு மூலையில் சரியாகவும் எதிர் மூலையில் இரண்டு கட்டம் தள்ளியும் இருந்தால், தைக்கத் தொடங்குமுன், துணி நனையுமுன், வாங்கிய இடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். பாதி தைத்த செட்டை யாரும் மாற்றித் தரமாட்டார்கள்.

வெளி ஆளிடம் எப்போது போவது: மூன்று இடத்துக்கு மேல் எண்ணிக்கை தவறி, எது அசல் தவறு என்று தெரியவில்லையென்றால் நீங்களே தொடர்ந்து எண்ணாதீர்கள். கிராஸ் ஸ்டிச் தெரிந்த அக்கா ஒருவரிடம் துணியைக் கொடுத்து, நீங்கள் சார்ட்டைப் படிக்க அவர் துணியில் எண்ணட்டும். நடுக்கோட்டிலிருந்து வெளியே நோக்கி எண்ணவேண்டும். சொந்தக் கண் தன் தவறைத் தாண்டிப் போய்விடும்.

அறிகுறி 4: கணக்கு ஏறுகிறது, படம் தெரியவில்லை

பெரும்பாலும் கோளாறே இல்லை. ஒரே நிறத்தைத் துணி முழுதும் போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கும், வானம் முழுதும் முதலில் போடுகிறவர்களுக்கும் இப்படித்தான் தெரியும். ஒவ்வொரு மாதம் முதல் தேதியும், அதே இடத்தில், காலை வெளிச்சத்தில், துணியை ஹூப்பிலிருந்து (துணியை இழுத்துப் பிடிக்கும் வட்டச் சட்டத்திலிருந்து) கழற்றி ஒரு படம் எடுங்கள். மூன்று மாதத்துப் படங்களை அடுத்தடுத்து வைத்தால் நகர்வு தெரியும். அப்படியும் தெரியவில்லையென்றால் முறையை மாற்றி, நான்கு பெரிய கட்டம் சேர்ந்த ஒரு சதுரத்தை எல்லா நிறத்தோடும் முடித்துவிட்டு அடுத்ததற்கு நகருங்கள்.

அறிகுறி 5: நூல் தீர்ந்து வேலை நிற்கிறது

வாரக்கணக்கில் நின்றுபோகும் வேலைகளுக்கு நூல் ஒரு பெரிய காரணம். டவுனில் சில நிறம்தான் இருக்கும், மீதிக்கு ஈப்போ போகவேண்டும் அல்லது இணையத்தில் வாங்கிக் காத்திருக்கவேண்டும்.

கணக்கு: டிஎம்சி போன்ற எம்ப்ராய்டரி நூல் ஒரு சிட்டம் 8 மீட்டர், ஆறு இழை. 14 கவுண்ட் துணியில் இரண்டு இழையாகப் போட்டால், ஓர வெட்டும் வீணும் போக, ஒரு சிட்டத்தில் சுமார் 1,800 தையல் எதிர்பார்க்கலாம். 11 கவுண்டில் மூன்று இழையென்றால் சுமார் 1,000. சார்ட்டின் நிறப் பட்டியலில் ஒவ்வொரு நிறத்துக்கும் தையல் எண்ணிக்கை இருந்தால் வகுத்து, மேல்நோக்கி முழு எண்ணாக்கி வாங்குங்கள். கணக்கைவிட வேகமாகத் தீர்கிறதென்றால், ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பின்பக்கமாகத் தாவுகிறீர்களா என்று துணியைத் திருப்பிப் பாருங்கள். ஐந்தாறு கட்டத்துக்கு மேல் தாவாமல் வெட்டி முடியுங்கள். வெளிர் துணியில் கருநிறத் தாவல் முன்பக்கமும் நிழலாகத் தெரியும்.

பின்னணி நிறத்தை மட்டும் ஒரே தடவையில் முழுதும் வாங்கிவிடுங்கள். வேறு வேறு சாயத்தொகுதியில் வந்த சிட்டங்கள் எண் ஒன்றானாலும் அருகருகே நிறம் பிரிந்து தெரியக்கூடும். பாதியில் மாட்டிக்கொண்டால், மாறும் இடத்தில் சில வரிசைகளுக்குப் பழைய சிட்டத்து இழை ஒன்றும் புதியது ஒன்றும் சேர்த்துக் கோர்த்துப் போடுங்கள், கோடு விழாது.

எண் இல்லாத செட்டு நூல் தீர்ந்தால் மிச்சத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் ஒத்துப் பாருங்கள். போனில் எடுத்த படத்தைக் காட்டி நிறம் வாங்கவேண்டாம்.

அறிகுறி 6: ஐந்து வேலை தொடங்கியாயிற்று, ஒன்றும் முடியவில்லை

எல்லாவற்றையும் கட்டிலில் விரித்து, ஒவ்வொன்றிலும் மிச்சமுள்ள தையலை எழுதுங்கள். மிகக் குறைவாக மிஞ்சியதை முதலில் எடுங்கள், மனதுக்குப் பிடித்ததை அல்ல. கையில் இரண்டுக்கு மேல் வேண்டாம்: வீட்டில் உட்கார்ந்து எண்ணிப் போடும் பெரியது ஒன்று, பஸ்ஸிலும் கிளினிக்கிலும் போடக்கூடிய சின்னது ஒன்று. இனி விருப்பமே இல்லை என்று தோன்றும் வேலையைக் கைவிடுவதும் ஒரு முடிவுதான். நூலை எடுத்துக்கொண்டு, துணியில் வெற்றிடமிருந்தால் வெட்டிக்கொண்டு, கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள்.

அறிகுறி 7: பல மாத இடைவெளிக்குப் பிறகு எடுத்தால் எங்கே விட்டோம் என்று தெரியவில்லை

புதிதாக ஒரு தையல்கூடப் போடுமுன், கடைசியாக ஹைலைட்டர் பூசிய கட்டங்களைச் சுற்றியுள்ள எட்டுப் பெரிய கட்டங்களைச் சார்ட்டோடு ஒத்துப் பாருங்கள். வேகத்தையும் மறுபடி அளக்கவேண்டும். பழைய எண்ணை நம்பி நாள் குறித்தால் அறிகுறி 1க்குத் திரும்பிவிடுவீர்கள்.

துணியைப் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் மூன்று கோளாறு வரும். துணியில் குத்தி விட்ட ஊசி துருவேறிப் பழுப்புப் புள்ளி வைக்கும். கழற்றாமல் விட்ட ஹூப் வட்டமாக அழுக்குக் கோடு வைக்கும். பிளாஸ்டிக் பைக்குள் இறுக்கிக் கட்டியது பூஞ்சை மணம் பிடிக்கும். ஹூப் கோடும் மணமும் மென்மையான சோப்பில் குளிர்ந்த நீரில் துவைத்தால் பெரும்பாலும் போகும். கருஞ்சிவப்பு, கருநீலம், கருப்பு நூல்கள் சாயம் விடுமா என்று முதலில் ஈர வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். சாயம் இறங்கினால் நனைக்காதீர்கள்.

துருப்புள்ளியையும் கரும்பூஞ்சையையும் வீட்டில் குளோரின் போட்டுப் போக்கப் பார்க்கவேண்டாம். குளோரின் துருவைப் போக்காது, நூலின் நிறத்தைத்தான் போக்கும். அந்த நிலையில் டிரை கிளீனிங் தெரிந்த டோபி கடையில், இது கைத்தையல், நூல் பருத்தி என்று சொல்லிக் காட்டுங்கள். செலவு துணியின் மதிப்பைத் தாண்டும்போல் இருந்தால், கறை தைக்கப்போகும் இடத்துக்குள் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் தையல் மூடிக்கொள்ளும்.

அறிகுறி 8: போன் செயலியின் கணக்கும் துணியும் வேறு

பேட்டர்ன் கீப்பர் போன்ற செயலியில் சார்ட்டை ஏற்றி, தைத்ததைத் தொட்டுக் குறிப்பவர்கள் இப்போது பலர். குறியீடு எழுத்தாக உள்ள பிடிஎஃப் கோப்பு வேண்டும், ஸ்கேன் எடுத்த படத்தை அது படிக்காது. கணக்கு பிசகினால், தைக்குமுன் ஒரு வரிசை முழுதும் இழுத்துக் குறித்தீர்களா என்பதே முதல் சந்தேகம். 3இயில் சொன்ன விதி இங்கும் பொருந்தும். போன் பழுதானால் குறிப்பும் போய்விடாமலிருக்க, மாதம் ஒருமுறை திரையைப் படமெடுத்து வேறிடத்தில் சேமியுங்கள். துணியின் மாதப் படத்தை எடுக்கும் அதே நாளில் செய்தால் மறக்காது.

அறிகுறி 9: தொண்ணூறு சதவீதத்தில் வாரக்கணக்காக நிற்கிறது

எஞ்சியிருப்பது பெரிய தையல் பகுதியாக இராது. விடுபட்ட ஒற்றைத் தையல்கள், அரைத் தையலாக நின்றவை, பேக் ஸ்டிச், துவைப்பு. ஜன்னலுக்கு எதிரே துணியைப் பிடித்துப் பாருங்கள், விடுபட்ட இடங்களில் வெளிச்சம் துளியாகத் தெரியும். ஒவ்வொன்றையும் ஒரு குண்டூசியால் குறித்து, குண்டூசிகளை எண்ணி, அந்த எண்ணை வார இலக்காக எழுதுங்கள். கடைசிக் கட்டத்தில் சதவீதத்தை மறந்துவிட்டு ஊசிகளை எண்ணுவதுதான் வேலை செய்கிறது.

துவைத்த துணியை முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்து, தடித்த துண்டின்மேல் முகத்தைக் கீழாக வைத்து, சற்று ஈரமிருக்கும்போதே பின்பக்கம் இஸ்திரி போடுங்கள். பிறகு சட்டக்கடை. நான்கு பக்கமும் 7 சென்டிமீட்டராவது வெறும் துணி விட்டிருந்தால் இழுத்துக் கட்ட வசதி. அதற்குக் குறைவாக விட்டிருந்தால் நீங்களே அட்டையில் ஒட்டப் பார்க்காமல் கடைக்காரரிடமே விடுங்கள். கண்ணாடி தையலைத் தொடாமல் இடையில் இடைவெளிப் பட்டை வைக்கச் சொல்லவேண்டும், ஈரம் அடைந்தால் பூஞ்சை தொடங்குவது கண்ணாடி ஒட்டிய இடத்தில்தான். மாட்டும் சுவர் குளியலறையை ஒட்டியதாகவோ மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவராகவோ இருந்தால் வேறு சுவர் பாருங்கள். சாமி அறையில் மாட்டுவதென்றால் விளக்குப் புகையும் சாம்பிராணியும் நேராக ஏறாத பக்கத்தில் ஆணி அடியுங்கள்.